திரையில் எழும் பேரேடு

நெகிரி செம்பிலானின் ரந்தாவ், லாபு, சிலியாவ் வட்டாரத்து இரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு நடந்த காலத்தில், கிராணியார் கையிலிருந்த செக்ரோல் ஏடே தொழிலாளியின் நாளை முடிவு செய்தது. அதில் ஒரு குறி விழுந்தால் கூலி உண்டு, விழாவிட்டால் இல்லை. மரத்தடியில் நடந்தது வேறு, ஏட்டில் பதிந்தது வேறு என்றாலும் ஏடே வென்றது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தபின், அக்கணக்கைக் கேள்வி கேட்க அவனுக்கு ஒரு துணை கிடைத்தது.

கணினிக்கும் இத்தகைய ஏடு உண்டு. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யூனிக்ஸ் வழியில் உருவான இயங்குதளங்களில், 'யூநேம்' என்று தட்டினால் இயங்குதளம் தன் பெயரைச் சொல்லும். லினக்ஸில் 'புராக்' எனும் கோப்பகத்தைத் திறந்தால் செயலியின் வகையும் நினைவகத்தின் அளவும் எழுத்தாகவே கிடைக்கும். இவ்விவரங்களைத் திரட்டி, எழுத்துகளாலேயே வரைந்த சின்னத்தின் அருகே அடுக்கிக் காட்டும் சிறு நிரல்கள் பின்னாளில் தோன்றின. அவற்றுள் பெரும்பெயர் பெற்றது டிலன் அராப்ஸ் 2015இல் தொடங்கிய 'நியோஃபெட்ச்'. அது பாஷ் மொழியில் எழுதப்பட்டது. ஏறக்குறைய 150 இயங்குதளங்களை அடையாளம் காணும்.

அதன் சுவையே அமைப்புக் கோப்பில்தான் இருக்கிறது. எந்த வரி வேண்டும், எந்த வரி வேண்டாம் என்பதைப் பயனர் அங்கே முடிவு செய்யலாம். வரியின் தலைப்பை மாற்றலாம். உண்மையைத் தேடாமல் தாமே எழுதிய சொற்களை அச்சிடச் செய்யலாம். வேறோர் இயங்குதளத்தின் சின்னத்தையும் வரவழைக்கலாம். பழைய பொறி ஒன்று பெரும்பொறியின் வேடம் புனைந்து நிற்கும். நண்பரிடையே இது வேடிக்கை. ஆனால் பழைய கணினி வாங்க வந்தவரிடம் இப்படத்தையே சான்றாக நீட்டினால், செக்ரோலின் பொய்க் குறிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ஒன்று உண்டு. இந்நிரல் மறைவற்ற எழுத்துக் கோப்பு. ஐயமுற்றவர் அதைத் திறந்து படிக்கலாம், 'புராக்' கோப்பகத்தையும் நேரே பார்க்கலாம். தோட்டத்து ஏட்டை அப்படி எளிதில் யார் திறந்து பார்த்தார்?

நியோஃபெட்சின் கடைசிப் பதிப்பு 2020இல் வந்த 7.1.0. 2024 ஏப்ரலில் அதன் களஞ்சியம் மூடிவைக்கப்பட்டது. ஆசிரியர் தாம் வேளாண்மைக்குச் சென்றுவிட்டதாகச் சுருக்கமாக அறிவித்தார். பால்மரக் காட்டிலிருந்து பிள்ளைகள் சிரம்பானுக்கும் கோலாலம்பூருக்கும் கணினி வேலை தேடிச் சென்ற ஊரில் இச்செய்தி சற்றே புன்னகை வரவழைக்கும். அப்பணியை இப்போது சி மொழியில் எழுதப்பட்ட 'ஃபாஸ்ட்ஃபெட்ச்' செய்கிறது. அதிலும் பயனர் தாம் விரும்பிய வரியை எழுதிக்கொள்ளலாம்.