பிறர்நலம்: அறவியலும் பரிணாமமும்

தனக்கு இழப்பு நேர்ந்தாலும் பிறருக்கு நன்மை செய்வது பிறர்நலம். அறவியல், செய்பவரின் நோக்கத்தைக் கேட்கும். பரிணாம உயிரியலுக்கு நோக்கம் தேவையில்லை. ஓர் உயிரின் செயலால் அதன் சந்ததி குறைந்து, இன்னொன்றின் சந்ததி பெருகினால் அதுவே பிறர்நலம். அது உண்மையிலேயே தன்னலமற்றதா என்ற வழக்கு இரு துறைகளிலும் நீடிக்கிறது.

பரிணாமம் பேசும் பிறர்நலத்துக்கு முசுறு எறும்பு ஓர் எடுத்துக்காட்டு. மலேசியாவில் கெலாங் பாத்தாவை ஒட்டிய சுங்கை பூலாய் போன்ற அலையாத்திக் காடுகளிலும் ஊர்ப்புற மாமரங்களிலும் அது கூடு கட்டும். மலாய்க்காரர்களுக்கு அது கெரெங்கா. வேலைக்கார எறும்புகள் வரிசையாக நின்று இலை விளிம்புகளை இழுத்துப் பிடிக்கும். வேறு சில, லார்வாக்களைத் தாடையில் கவ்வி வந்து, அவை சுரக்கும் பட்டிழையால் இலைகளை ஒட்டும். பல எறும்பு இனங்களில் லார்வா அந்தப் பட்டால் தனக்கு உறை பின்னிக்கொள்ளும். முசுறு லார்வாவோ எல்லாவற்றையும் கூட்டுக்கே கொடுத்துவிட்டு உறையில்லாமல் வளர்கிறது.

கொடுப்பது தன்னலமற்றதா என்ற கேள்வி தமிழில் பழையது. புறநானூற்றின் 134ஆம் பாட்டில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், வள்ளல் ஆய் மறுமைப் பலனை எண்ணி அறத்தை விலைபேசுபவன் அல்லன் என்கிறார். அப்படிக் கணக்குப் பார்த்துக் கொடுத்தவர்களும் அன்று இருந்திருக்க வேண்டும். திருக்குறளில் ஒப்புரவறிதலையும் ஈகையையும் அடுத்தே புகழ் அதிகாரம் வருகிறது.

ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டுத் தத்துவஞானி தாமஸ் ஹாப்ஸ், தாம் பிச்சையிட்டது தன் மன வேதனை தணியத்தான் என்றார். அந்த வாதத்தை இறையியலாளர் ஜோசப் பட்லர் 1726இல் மறுத்தார்: உதவுவதில் இன்பம் கிடைக்கிறதென்றால், பிறர் நலத்தில் விருப்பம் அதற்கு முன்பே இருந்தாக வேண்டும்.

உயிரியலில் சிக்கல் டார்வினிடம் தொடங்கியது. முட்டையிடாத வேலைக்கார எறும்புகள் தம் இயல்பை எப்படிக் கடத்தும் என்பது அவர் கொள்கைக்கே ஆபத்து எனப்பட்டது. 1859இல் அவர் கண்ட விடை, தேர்வு குடும்பத்தின் மீதும் நடக்கும் என்பது. பின்னாளில் இந்தியாவில் குடியேறி, 1964இல் புவனேஸ்வரில் மறைந்த மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன், நீரில் மூழ்கும் உறவினரைக் காப்பாற்றத் தூண்டும் மரபணு எப்போது பரவும் என்று 1955இல் கணக்கிட்டார். தாம் இருமுறை பிறரை நீரிலிருந்து இழுத்தபோது கணக்குப் போட நேரமே இருக்கவில்லை என்றும் சேர்த்து எழுதினார். மரபணுவின் ஆதாயமும் மனத்தின் நோக்கமும் வெவ்வேறு என்பது அந்த ஒரு குறிப்பிலேயே தெரிகிறது. உயிரியலாளர் டபிள்யூ.டி. ஹாமில்டன் 1964இல் இதை முழுக் கோட்பாடாக்கினார்: பெறுபவருக்குக் கிடைக்கும் பயனை உறவின் நெருக்கத்தால் பெருக்கி வருவது, கொடுப்பவரின் இழப்பைவிட அதிகமானால் பிறர்நலம் நிலைக்கும்.

இந்தக் கணக்கைத் தென்னிந்தியக் காகிதக் குளவியான ரோபாலிடியா மார்ஜினேட்டாவிடம் சோதித்தவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ராகவேந்திர கடக்கர். ஒவ்வொரு குளவிக்கும் வண்ணப் பொட்டிட்டு அடையாளம் கண்டார். ராணி பல ஆண்களோடு கூடுவதாலும் ராணிகள் மாறுவதாலும் கூட்டுக்குள் உறவு நெருக்கம் கணிசமாகக் குறைகிறது. ஆனாலும் வேலைக்காரிகள் உழைக்கின்றன. ராணியை அகற்றினால் சில நிமிடங்களில் ஒருத்தி ஆவேசமாகி, சில நாட்களில் தானே முட்டையிடுகிறாள். முட்டையிடும் வாய்ப்பு அடியோடு அடைபடவில்லை என்பதே இதன் பொருள். கடக்கர் இன்னொரு காரணமும் காட்டினார்: தனியே கூடு கட்டும் குளவி இடையில் இறந்தால் குஞ்சுகள் அனைத்தும் வீண், கூட்டத்தில் இறந்தால் அவள் விட்ட வேலையை மற்றவை முடிக்கும். உறவு குறைவாக இருந்தாலும் உழைப்புக்குப் பலன் உறுதி.

மார்ட்டின் நோவாக், கொரீனா டார்னிட்டா, ஈ.ஓ. வில்சன் என்ற மூன்று விஞ்ஞானிகள் 2010இல் ஹாமில்டன் கோட்பாடே தேவையில்லை என்று எழுத, மறு ஆண்டே நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கூட்டாக மறுத்தனர்.

மனித நோக்கத்தை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க உளவியலாளர் டேனியல் பேட்சன். 1981இல் வெளியான ஆய்வில், மின்னதிர்ச்சி வாங்குவதாக நடித்த பெண்ணை மாணவர்கள் பார்த்தார்கள். எழுந்து போக வழியிருந்தும், அவள்மேல் பரிவு மிகுந்தவர்களில் பெரும்பாலோர் அவளுக்குப் பதிலாக உட்கார முன்வந்தனர். அவர்கள் தணித்தது தங்கள் சொந்த வருத்தத்தையே என்று 1987இல் ராபர்ட் சியால்டினியும் சகாக்களும் எதிர்வாதம் வைத்தனர். ஹாப்ஸின் பழைய விளக்கம் இப்படிப் புதிய சோதனைகளோடு திரும்பியது. பேட்சன் மேலும் பல சோதனைகளால் அதற்குப் பதிலளித்தார்.