ரங்கூன் என்ற பெயர் பிறந்த கதை

ரங்கூன் என்பது வெள்ளைக்காரர்கள் வாயில் சிதைந்த பெயர் என்றே பலரும் நினைக்கிறார்கள். 1989இல் பர்மாவின் ராணுவ அரசு அதை விலக்கி, யாங்கோன் என்று ஆங்கிலத்தில் எழுதவைத்த பிறகு அந்த நினைப்பு இன்னும் ஊறிவிட்டது. பர்மிய எழுத்தில் அந்த ஊர்ப்பெயரைப் பார்த்தால் வேறு கதை தெரியும். முதல் எழுத்து ரகரம். எழுதுவது ர, வாசிப்பது ய.

1755இல் அலாங்பயா மன்னர் டாகோன் என்ற ஊரைப் பிடித்து, பகை ஒழிந்தது என்று பொருள்படும் இந்தப் பெயரைச் சூட்டினார். நடு பர்மாவின் பேச்சில் பழைய ரகரம் யகரமாக மாறிவிட்டது. மேற்குக் கரையில் ரக்கைன் மக்கள் அதை விடவில்லை. அவர்களுடைய பழைய தலைநகரை அவர்கள் ம்ராவ்க் ஊ என்பார்கள். யாங்கோன்காரர் மியாவ்க் ஊ என்பார். ரக்கைன் என்ற இனப்பெயரே யாங்கோனில் யக்கைன் ஆகிவிடுகிறது. மியன்மா என்று இன்று ஒலிக்கும் நாட்டுப்பெயரும் பழைய கல்வெட்டுகளில் ம்ரன்மா.

ஆங்கிலேயர் காதில் விழுந்தது இந்த ரக்கைன் உச்சரிப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பது பரவலான கருத்து. எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. 1784இல் பர்மிய மன்னர் போதவ்பயா ரக்கைன் மக்களின் நாடான அரக்கானைப் பிடித்ததும், ரக்கைன் மக்கள் பெருந்திரளாக ஆங்கிலேயர் வசமிருந்த சிட்டகாங்குக்கு ஓடிவந்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் சார்பில் பர்மாவுக்குத் தூது போன மைக்கேல் சைம்ஸ் தம் நூலில் ரங்கூன் என்றே எழுதுகிறார். கப்பலேறிய நம் தமிழர்களும் அந்த ரகரத்தையே ஊருக்குக் கொண்டுவந்தார்கள்.

ரக்கைன் பர்மிய மொழியின் வட்டார வழக்கா, தனி மொழியா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். யாங்கோன் பேச்சை அளவுகோலாக்கி மற்றதைக் கொச்சை என்பது மட்டும் பெரும் அநியாயம். எழுதும்போது எந்தச் சொல்லுக்கு ர, எந்தச் சொல்லுக்கு ய என்று யாங்கோன் பிள்ளை மனப்பாடம் செய்யவேண்டியிருக்கிறது, நம் பிள்ளைகள் ழகர ளகரத்தோடு மல்லுக்கட்டுவதுபோல. ரக்கைன் பிள்ளைக்குக் காதே சொல்லிக்கொடுத்துவிடும்.

தெற்கே தவாய்ப் பேச்சு இன்னொரு பழமையைக் காக்கிறது. க, ப, ம ஆகிய ஒலிகளை அடுத்து வந்த லகரம் யாங்கோனில் யகரமாகிவிட்டது. தவாயில் அது பழைய பாகான் கல்வெட்டுகளில் உள்ளபடியே நிற்கிறது. வெகுதூரம் வடக்கே, இன்லே ஏரியில் காலால் துடுப்பு வலிக்கும் இந்தா மக்களின் பேச்சிலும் அதே லகரம். தங்கள் முன்னோர் தவாயிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. ஆனால் இருவரும் பழையதைக் கைவிடவில்லை என்பது மட்டும் நெருங்கிய உறவுக்குச் சான்றாகாது. புதிதாக ஏற்பட்ட மாற்றங்களில் இருவரும் ஒத்துப்போகிறார்களா என்று பார்க்க வேண்டும்.