சுற்றுலா நீர்நிலைகளில் முதலை அபாயம்

சுற்றுலா நீர்நிலைகளில் முதலை அபாயம் என்பது ஆறு, ஏரி, அணை, கழிமுகம், கடற்கரை முதலிய இடங்களுக்கு விடுமுறைக்காகச் செல்லும் மக்கள், அங்கு இயல்பாக வாழும் முதலைகளால் தாக்கப்படும் அபாயத்தைக் குறிக்கும். இத்தகைய தாக்குதல்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆயினும், உள்ளூர் மக்களுக்குத் தெரிந்த அபாயம் வெளியூரிலிருந்து வருபவர்களுக்குத் தெரியாமல் இருப்பதே பல உயிரிழப்புகளுக்குக் காரணமாகிறது. ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் இவ்வபாயம் அலிகேட்டர் என்னும் இனத்தால் ஏற்படுகிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் சதுப்புநில முதலை, உவர்நீர் முதலை ஆகிய இரண்டு இனங்களால் ஏற்படுகிறது.

அலிகேட்டரும் முதலையும்

அலிகேட்டர் முதலை வரிசையைச் சேர்ந்த ஊர்வன ஆகும். இன்று அமெரிக்க அலிகேட்டர், சீன அலிகேட்டர் என இரண்டு இனங்கள் மட்டுமே உள்ளன. இந்தியாவில் இவை இயற்கையாகக் காணப்படுவதில்லை. அலிகேட்டரின் முகவாய் அகன்று வளைந்திருக்கும். வாயை மூடும்போது அதன் கீழ்த்தாடைப் பற்கள் வெளியே தெரிவதில்லை. முதலைகளில் கீழ்த்தாடையின் நான்காவது பல் வாய் மூடிய நிலையிலும் வெளியே தெரியும்.

இந்தியாவில் மூன்று இனங்கள் உள்ளன.

* சதுப்புநில முதலை: ஆறு, ஏரி, அணை, குளம் ஆகிய நன்னீர் நிலைகளில் வாழ்வது. தமிழ்நாட்டு உள்நாட்டு நீர்நிலைகளில் காணப்படுவது இதுவே. வளர்ந்த ஆண் முதலைகள் பொதுவாக 3 முதல் 4 மீட்டர் நீளம் இருக்கும்.
* உவர்நீர் முதலை: கழிமுகங்களிலும் அலையாத்திக் காடுகளிலும் வாழ்வது. இன்று வாழும் ஊர்வனவற்றுள் மிகப் பெரியது. ஒடிசாவின் பித்தர்கனிகா, மேற்கு வங்கத்தின் சுந்தரவனம், அந்தமான் நிக்கோபார் தீவுகள் ஆகிய இடங்களில் உள்ளது.
* சொம்புமூக்கு முதலை: கங்கை, சம்பல் முதலிய வட இந்திய ஆறுகளில் மீன் உண்டு வாழ்வது. இதன் ஒடுங்கிய நீண்ட முகவாய் பெரிய இரையைப் பிடிக்க ஏற்றதன்று. எனவே இது மனிதருக்குப் பெரும் அபாயமாகக் கருதப்படுவதில்லை.

தாக்கும் முறை

முதலை இரையைத் துரத்திப் பிடிப்பதில்லை, பதுங்கியிருந்து பிடிக்கிறது. கண், காது, மூக்குத் துளைகள் ஆகியவை தலையின் மேற்பகுதியில் அமைந்துள்ளதால், உடல் முழுவதையும் நீருக்குள் மறைத்துக்கொண்டு கரையைக் கவனிக்க அதனால் இயலும். தாடைத் தோலில் உள்ள உணர்ப்புள்ளிகள் நீரின் சிறு அசைவையும் உணர்த்துகின்றன. ஆகவே கலங்கிய நீரிலும் இருளிலும் அது இரை இருக்கும் இடத்தை அறிகிறது. கரையோரத்தில் குனிந்து நீர் மொள்பவர், துணி துவைப்பவர், முழங்கால் அளவு நீரில் விளையாடும் சிறுவர் ஆகியோர் அதன் பார்வையில் நீர் அருந்த வந்த விலங்கினைப் போன்றவர்களே. பிடித்த இரையை ஆழத்துக்கு இழுத்துச் சென்று உடலைச் சுழற்றி மூழ்கடிக்கிறது.

சதுப்புநில முதலைகள் குச்சிகளைத் தம் மூக்கின்மீது ஏந்தியபடி அசையாமல் கிடந்து, கூடு கட்டக் குச்சி தேடி வரும் கொக்குகளைப் பிடிப்பதை ஆய்வாளர்கள் சென்னை முதலைப் பண்ணையில் கண்டு 2013இல் பதிவு செய்தனர். கரையின் நடமாட்டத்தை முதலை கவனித்துப் பயன்படுத்திக்கொள்கிறது என்பதற்கு இது ஒரு சான்று. நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே துறையில் இறங்குவது அபாயம் என்று கூறப்படுவதற்கும் இதுவே காரணம்.

அபாயம் மிகும் காலங்கள்

தென்னிந்தியாவில் சதுப்புநில முதலை பெப்ரவரி முதல் ஏப்ரல் வரையான காலத்தில் கரை மணலில் குழி தோண்டி ஏறத்தாழ 25 முதல் 30 முட்டைகள் இடுகிறது. சுமார் இரண்டு மாதங்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன. இக்காலம் முழுவதும் தாய் முதலை கூட்டின் அருகிலேயே இருந்து காவல் காக்கும். பள்ளிகளின் கோடை விடுமுறையும் இதே காலத்தில் வருகிறது. மேலும் கோடையில் நீர் வற்றும்போது முதலைகள் எஞ்சியுள்ள மடுக்களில் ஒதுங்குகின்றன. மக்கள் குளிக்கத் தேடிச் செல்வதும் அம்மடுக்களையே.

இரண்டாவது அபாயக் காலம் வெள்ளக் காலமாகும். ஆற்றில் வெள்ளம் பெருகும்போது முதலைகள் வாய்க்கால் வழியாக வயல்களையும் ஊர்க் குளங்களையும் அடைகின்றன. வெள்ளம் வடிந்த பின்னும் அவை அங்கேயே தங்கிவிடுவதுண்டு. நாள் கணக்கில், அந்தி முதல் விடியல் வரையிலான நேரமே அபாயம் மிகுந்தது.

தமிழ்நாட்டில்

வேட்டையாலும் வாழிட அழிவாலும் அருகிவிட்ட முதலைகளைக் காக்க, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அவை முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 1975இல் இந்திய அரசு முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 1976இல் ரோமுலஸ் விட்டேக்கர், சாய் விட்டேக்கர் ஆகியோர் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் சென்னை முதலைப் பண்ணையை நிறுவினர். அமராவதி அணை, சாத்தனூர் அணை, ஒகேனக்கல் ஆகிய இடங்களில் வனத்துறையின் முதலைப் பண்ணைகள் அமைந்தன. இவை மூன்றும் புகழ்பெற்ற சுற்றுலாத் தலங்கள் என்பது குறிப்பிடத்தக்கது. வேலிக்குள் உள்ள முதலைகளைக் கண்டு மகிழும் பயணிகள், அருகிலுள்ள ஆற்றிலும் அணையிலும் வேலியின்றி முதலைகள் வாழ்வதை மறந்துவிடுகின்றனர்.

முதலைகள் இயற்கையாக வாழும் முதன்மையான இடங்கள்:

* அமராவதி அணை, திருப்பூர் மாவட்டம்: தென்னிந்தியாவில் இயற்கையாக இனப்பெருக்கம் செய்யும் முதலைகள் மிகுதியாக உள்ள நீர்த்தேக்கங்களுள் ஒன்று.
* காவிரி: ஒகேனக்கல்லிலும் அதன் மேற்பகுதிகளிலும். இங்கு பரிசல் பயணமும் அருவிக் குளியலும் பயணிகளை ஈர்க்கின்றன.
* மோயாறும் பவானிசாகர் அணையும்: தெங்குமரகடா மக்கள் முதலைகள் உள்ள மோயாற்றைப் பரிசலில் கடந்து வந்துள்ளனர்.
* கொள்ளிடம்: அணைக்கரைப் பகுதியிலும் சிதம்பரம் வட்டத்துப் பழைய கொள்ளிடத்திலும்.

சிதம்பரம் பகுதியில் ஆறும் ஊரும் நெருங்கியிருப்பதால் மோதல்கள் அடிக்கடி நிகழ்கின்றன. மழைக்காலத்தில் ஊருக்குள் வரும் முதலைகளை வனத்துறையினர் பிடித்து வக்காரமாரி ஏரியில் விடுவது வழக்கம். 2022இல் பழைய கொள்ளிடத்தில் இறங்கிய இளைஞர் ஒருவர் முதலையால் இழுத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். முதலையால் பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோர் பயணிகள் அல்லர். குளிக்கவும், துவைக்கவும், மாடு குளிப்பாட்டவும், மீன் பிடிக்கவும் ஆற்றை நம்பியிருக்கும் உள்ளூர் மக்களே. பயணி ஆற்றைத் தவிர்க்கலாம், அவர்களால் இயலாது.

செட்டிநாடு

காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டில் ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு இல்லை. மழைநீரைத் தேக்கும் கண்மாய்களும், படித்துறை கட்டிய ஊருணிகளுமே இப்பகுதியின் நீர்நிலைகள். கோடையில் இவற்றுள் பல வற்றிவிடும். எனவே பழைய வீடுகள் தங்கும் விடுதிகளாக மாற்றப்பட்டுள்ள இவ்வூர்களில் இவ்வபாயம் ஒரு பொருட்டாக இருந்ததில்லை. ஊருணியில் அச்சமின்றி இறங்கிப் பழகிய இப்பகுதி மக்கள் சிதம்பரம், பூம்புகார் முதலிய காவிரிக் கழிமுக ஊர்களுக்கு வழிபாட்டுக்கும் சுற்றுலாவுக்கும் செல்வதுண்டு. அங்கு ஆறும் வாய்க்காலும் வேறு இயல்புடையவை. ஆடிப்பெருக்கு முதலிய நாட்களில் புதுப்புனலில் நீராடும் முன், அத்துறை பாதுகாப்பானதா என்று ஊராரிடம் கேட்டறிவது நலம்.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

* ஏவ்லொக் தீவு, அந்தமான், 2010: ஏப்ரல் மாதத்தில் இராதாநகர் கடற்கரையை ஒட்டிய சிறு குடாவில் மூச்சுக்குழல் பொருத்தி நீந்திய அமெரிக்கப் பெண் பயணி ஒருவர் உவர்நீர் முதலையால் கொல்லப்பட்டார். தெளிந்த நீரும் பவளப் பாறைகளும் உள்ள கடலில் முதலை வரும் என்று பயணிகள் எதிர்பார்ப்பதில்லை. இத்தீவு 2018 முதல் சுவராஜ் தீவு எனப்படுகிறது.
* புளோரிடா, ஐக்கிய அமெரிக்கா, 2016: சூன் 14 இரவு, வால்ட் டிஸ்னி வேர்ல்டில் ஒரு விடுதியை ஒட்டிய செயற்கை ஏரியின் கரையில், ஆழமற்ற நீரில் நின்ற இரண்டு வயதுச் சிறுவனை அலிகேட்டர் இழுத்துச் சென்றது. தந்தை நீரில் பாய்ந்து போராடியும் காப்பாற்ற முடியவில்லை. அங்கு நீந்தக்கூடாது என்ற பலகை மட்டுமே இருந்தது; அலிகேட்டர் உண்டு என்ற எச்சரிக்கை இல்லை. நிகழ்வுக்குப் பின் எச்சரிக்கைப் பலகைகளும் கரையோரத் தடுப்புகளும் அமைக்கப்பட்டன. புளோரிடாவில் சுமார் 13 இலட்சம் அலிகேட்டர்கள் உள்ளதாக மதிப்பிடப்பட்டுள்ளது.
* அறுகம் குடா, இலங்கை, 2017: அலைச்சறுக்கு விளையாட்டுக்குப் புகழ்பெற்ற இக்கிழக்குக் கரையில், செப்டம்பர் மாதம் யானைப்பாறை அருகிலுள்ள களப்பின் ஓரத்தில் பிரித்தானிய இதழாளர் ஒருவர் முதலையால் கொல்லப்பட்டார்.

இம்மூன்று நிகழ்வுகளிலும் உயிரிழந்தவர்கள் வெளியூரிலிருந்து வந்தவர்கள். மூன்றும் விடுமுறைக் காலத்தில் மக்கள் மகிழ்ந்து கூடும் இடங்களிலேயே நிகழ்ந்தன.

தடுப்பு முறைகள்

*எச்சரிக்கைப் பலகை*: நீந்தாதீர் என்று மட்டும் எழுதுவது போதாது. ஆழம், சுழல், தூய்மையின்மை எனப் பல காரணங்களுக்காக அவ்வாறு எழுதப்படலாம் என்பதால், கரையில் நிற்பது பாதுகாப்பானது என்றே மக்கள் கருதுவர். முதலையின் படத்துடன், காரணத்தைப் பல மொழிகளில் எழுதுவதே பயன் தரும். ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் இம்முறை நெடுங்காலமாகப் பின்பற்றப்படுகிறது.

*தடுப்பு வேலி*: இலங்கையின் மாத்தறையில் நில்வள கங்கையில் குளிக்கும் துறைகளைச் சுற்றி நீருக்குள் கழிகளாலும் கம்பிகளாலும் வேலி அமைக்கப்படுகிறது. சிங்களத்தில் இது கிம்புல கொட்டுவ எனப்படும். பித்தர்கனிகாவிலும் ஆற்றுத்துறைகளில் இத்தகைய தடுப்புகள் உள்ளன. வேலி பழுதடைந்தால், அது இருக்கிறது என்ற நம்பிக்கையே அபாயமாகிவிடும். எனவே தொடர்ந்த பராமரிப்பு தேவை.

*இரை இடாமை*: இறைச்சிக் கழிவு, மீன் கழிவு, எஞ்சிய உணவு ஆகியவற்றை நீரில் எறிவது முதலையைக் கரைக்குப் பழக்குகிறது. மனிதரைக் கண்டால் உணவு கிடைக்கும் என்று பழகிய விலங்கு அச்சத்தை இழக்கிறது. இக்காரணத்தால் புளோரிடாவில் அலிகேட்டருக்கு உணவளிப்பது சட்டப்படி குற்றமாகும்.

*இடமாற்றம்*: முதலையைப் பிடித்து வேறிடத்தில் விடுவது உடனடித் தீர்வாகத் தோன்றினாலும் அதற்கு வரம்புகள் உண்டு. 2007இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், வேறு கடற்கரைக்குக் கொண்டு செல்லப்பட்ட உவர்நீர் முதலை ஒன்று 400 கிலோமீட்டருக்கு மேல் நீந்தித் தன் பழைய இடத்துக்கே திரும்பியது செயற்கைக்கோள் வழி அறியப்பட்டது. பெரிய முதலை நீங்கிய இடத்தை மற்றொன்று பிடித்துக்கொள்வதும் உண்டு. குசராத்தில் ஒற்றுமைச் சிலை அருகிலுள்ள ஏரியில் நீர்விமானச் சேவைக்காக 2019 சனவரியில் முதலைகள் பிடித்து அகற்றப்பட்டபோது, சுற்றுலாவுக்காக ஓர் உயிரினத்தின் வாழிடத்தைப் பறிப்பது முறையா என்ற கேள்வி எழுந்தது. மாறாக, அதே மாநிலத்தின் சரோத்தர் பகுதிச் சிற்றூர்களில் மக்களும் சதுப்புநில முதலைகளும் ஒரே குளத்தைத் தலைமுறைகளாகப் பகிர்ந்து வருகின்றனர்.

பயணிகள் கவனிக்க வேண்டியவை

* குளிக்க இறங்கும் முன் உள்ளூர் மக்களிடமோ வனத்துறையினரிடமோ கேட்டறிதல்.
* அந்தி, இரவு, விடியல் நேரங்களில் நீரோரம் செல்லாதிருத்தல்.
* சிறுவர்களை நீர் விளிம்பிலிருந்து சில மீட்டர் தள்ளியே நிறுத்துதல்.
* பரிசலிலும் படகிலும் கை கால்களை நீரில் தொங்கவிடாதிருத்தல்.
* கரையில் வெயில் காயும் முதலையை ஒளிப்படம் எடுக்க நெருங்காதிருத்தல். குஞ்சுகளைக் கண்டால் தாய் அருகில் இருப்பதாகக் கொண்டு விலகுதல்.
* நிலத்தில் முதலை துரத்தினால் நேராக ஓடுதல். வளைந்து வளைந்து ஓட வேண்டும் என்பது தவறான நம்பிக்கை.

முதலை பிடித்துவிட்டால் அதன் கண்களிலும் மூக்கிலும் வலுவாகத் தாக்குவது விடுபட உதவலாம். காயம்பட்டவரைக் கரையேற்றி, குருதிப் போக்கைத் துணியால் அழுத்தி நிறுத்தி, 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். முதலையின் வாயில் பலவகை நுண்ணுயிரிகள் இருப்பதால் சிறு காயத்துக்கும் மருத்துவமனைச் சிகிச்சை தேவை.

இலக்கியத்திலும் வழக்கிலும்

நீர்த்துறையில் முதலை அச்சம் தமிழருக்குப் புதிதன்று. சங்க இலக்கியமான குறிஞ்சிப்பாட்டில் முதலை, இடங்கர், கராம் ஆகிய மூன்று பெயர்களும் சேர்ந்து வருகின்றன. இவை முதலையின் வகைகளாகக் கருதப்படுகின்றன. குளத்தில் நீராடிய சிறுவனை முதலை விழுங்க, சில ஆண்டுகளுக்குப் பின் சுந்தரர் பதிகம் பாடி அவனை மீட்ட கதை அவிநாசித் தலத்துக்கு உரியது, பெரியபுராணத்திலும் இடம்பெறுகிறது. தோழனுடன் குளிக்கச் சென்ற சிறுவன் மீளாததும், பெற்றோர் ஆண்டுக்கணக்கில் துயருற்றதும் இக்கதையின் மையமாக உள்ளன.

இவற்றையும் பார்க்க

* சதுப்புநில முதலை
* உவர்நீர் முதலை
* சென்னை முதலைப் பண்ணை
* அமராவதி அணை
* கொள்ளிடம் ஆறு