டப்ளின் நகரத்து டீன் ஸ்விப்ட்

அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் செயின்ட் பாட்ரிக் பேராலயம் என்னும் ஆங்கிலிக்கன் கோயில் உளது. அதன் தலைமைக் குருவை டீன் என்பர். 1713 முதல் 1745 வரை அப்பதவியை வகித்தவர் ஜோனதன் ஸ்விப்ட். கலிவரின் யாத்திரைகளை 1726-ல் வெளியிட்ட ஆசிரியர் என்றே நம்மவர் பலர் அவரை அறிவர். எளியோர் பொருட்டு அரசாங்கத்தை எதிர்த்த குரு என்று அறிந்தோர் சிலரே.

1667-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி டப்ளினில் அவர் பிறக்குமுன்னரே தந்தையார் காலமானார். உறவினர் ஆதரவில் கற்றுக் குருப்பட்டம் பெற்ற அவர், இங்கிலாந்தில் உயர்பதவியை நாடினார். கிடைத்ததோ டப்ளின் டீன் பதவி. அதனை அவர் நாடுகடத்தலாகவே கருதினார். ஆயினும் அங்குக் கண்ட வறுமை அவர் உள்ளத்தைச் சுட்டது.

ஐரிஷ் கம்பளித் துணியை அயல்நாடுகளுக்கு அனுப்பலாகாதென இங்கிலாந்து 1699-ல் சட்டம் செய்திருந்தது. நெசவாளர் பட்டினியால் வாடினர். உள்நாட்டுத் துணியையே உடுத்துமாறு 1720-ல் ஸ்விப்ட் ஒரு பிரசுரம் எழுதினார். அச்சிட்டவர்மீது வழக்கு எழுந்தது. குற்றமில்லை என்ற ஜூரிகளை நீதிபதி ஒன்பது முறை திருப்பி அனுப்பினார்! முடிவில் வழக்குக் கைவிடப்பட்டது.

1722-ல் வில்லியம் வுட் என்ற ஆங்கிலேய வியாபாரி, பெருமளவில் செப்புக்காசு அடித்து அயர்லாந்தில் பரப்ப உரிமை பெற்றான். ஐரிஷ் பார்லிமெண்டின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. 1724-ல் ஸ்விப்ட், ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் எழுதுவதுபோல, பாமரருக்கும் விளங்கும் நடையில் கடிதங்கள் வெளியிட்டார். அக்காசை ஒருவரும் வாங்கலாகாதென்பதே அவற்றின் சாரம். ஆளப்படுவோர் சம்மதம் பெறாத ஆட்சியையே நான்காம் கடிதம் கண்டித்தது. எழுதியவரைக் காட்டிக்கொடுப்போருக்கு 300 பவுன் பரிசென்று அரசாங்கம் அறிவித்தது. எழுதியவர் யாரென்பது நகரெங்கும் தெரியும். எனினும் ஒருவரும் வாய்திறந்திலர். 1725-ல் வுட்டின் உரிமை ரத்தாயிற்று.

1729-ல், ஏழைகளின் குழந்தைகளைச் செல்வருக்கு உணவாக விற்கலாமென்று ஓர் 'யோசனை' கூறி, நிலப்பிரபுக்களின் கல்நெஞ்சத்தை அவர் தோலுரித்தார். எழுத்தோடு நின்றாரிலர், உழைப்பாளிகளுக்கு ஐந்தும் பத்துமாகப் பவுன்களை வட்டியின்றிக் கடன் கொடுத்தார்.

குறையும் உண்டு. தம் சபையைச் சேராதாருக்குச் சம உரிமை அளிக்க அவர் உடன்படவில்லை. அவர்தம் பரிவு அவ்வெல்லையில் நின்றுவிட்டது.

1745-ம் ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி மறைந்த அவர், தம் செல்வத்தின் பெரும்பகுதியை மனநோயாளருக்கு மருத்துவமனை எழுப்ப விட்டுச் சென்றார். 1757-ல் திறக்கப்பட்ட அந்நிலையம் இன்றும் நடைபெறுகிறது.

ஸ்விப்டின் பேனா வென்றது என்பர் சரித்திரக்காரர். மெய்தான். ஆனால் 300 பவுனைத் தீண்டாத அவ்வேழை நகரத்தார் இன்றேல் அப்பேனா சிறைக்குள் கிடந்திருக்கும். வெற்றியில் பாதி அவர்களுடையதன்றோ!