பச்சைச் சலவைக்கல்

பச்சைச் சலவைக்கல் என்று கடைகளில் விற்கும் கல்லில் பெரும்பகுதி சலவைக்கல்லே அல்ல. சுண்ணாம்புக்கல் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறினால் சலவைக்கல். ராஜஸ்தானின் மக்ரானா வெள்ளைக்கல் அவ்வகை. பச்சைக்கல்லின் பிறப்பு வேறு. ஆலிவின் கனிமம் மிகுந்த பாறை நீரோடு வினைபுரிந்து செர்பென்டைன் என்னும் கனிமமாக மாறுகிறது. அக்கனிமத்தின் எடையில் ஏறத்தாழ 13 விழுக்காடு, உள்ளே பிணைந்த நீர்.

இந்தியாவில் இதற்குப் பேர்போன இடம் உதய்ப்பூருக்குத் தெற்கேயுள்ள சமணத் தலம் ரிஷபதேவ். ஊரின் மறுபெயரான கேசரியாஜி கல்லுக்கும் பெயராயிற்று. இதே இனத்தைச் சேர்ந்த கிரேக்கத்தின் தெசாலிப் பச்சைக்கல், 537-இல் கட்டி முடித்த ஹாகியா சோபியாவில் தூண்களாக நிற்கிறது.

கரும்பச்சைப் பரப்பில் வலை பின்னியதுபோல் ஓடும் வெள்ளை நரம்புகளே இக்கல்லின் அழகு. பலவீனமும் அங்கேதான். நரம்புகள் பெரும்பாலும் கார்பனேட் என்பதால், எலுமிச்சைச் சாறு சிந்தினால் அவை மட்டும் மெருகிழந்து சொரசொரப்பாகும். சுற்றியுள்ள பச்சை மின்னிக்கொண்டே இருக்கும். சாமி மேடையின் பின்சுவருக்கு இது மிகப் பொருத்தம். எலுமிச்சை விளக்கு ஏற்றும் தட்டுக்கடியிலும், சமையல் மேடையிலும் வேண்டாம்.

பதிப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஈரச் சிமெண்டுக் கலவையில் மெல்லிய பலகையைப் பதித்தால், அடிப்பக்கம் ஈரம் குடித்து விரிய, மேல்பக்கம் உலர்ந்தே இருக்கும். பலகை வளைந்து ஓரம் தூக்கிக்கொள்ளும். பழி கொத்தனார் மேல் விழும். பிழையோ கல்லைச் சலவைக்கல் என்று நம்பியதில். நீர் கலக்காத எபாக்ஸி பசைதான் இதற்கு ஏற்றது. மழையும் புழுக்கமும் ஓயாத, மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாம் போன்ற ஊரில், தரைக்கடியிலிருந்து ஈரம் ஏறாமலும் தடுக்க வேண்டும். செர்பென்டைன் பாறையில் கிரைசோடைல் என்னும் கல்நார் இழைகள் இருக்கக்கூடும். ஆகவே நீர் விட்டே அறுக்க வேண்டும், தூசியைச் சுவாசிக்கக் கூடாது. அறுப்பவரின் நுரையீரலைக் காக்கும் இந்த நிபந்தனையில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

வெளிச்சுவருக்கும் முற்றத்துக்கும் கருங்கல்லே நல்லது. புக்கிட் மெர்தாஜாமின் 545 மீட்டர் உயர மலையே கருங்கல்தான். அதன் அடிவாரத்தில், செயின்ட் ஆன் தேவாலய வளாகத்தில், செரோக் தொக்குன் கல்வெட்டு இருக்கிறது. 1845-இல் பிரிட்டிஷ் படை அதிகாரி ஜேம்ஸ் லோ கண்டறிந்த அந்த எழுத்துகள் தென்னிந்திய மரபைச் சேர்ந்தவை. திறந்தவெளிப் பாறையில் பல நூற்றாண்டு மழையைத் தாங்கியவை. செர்பென்டைனோ கத்திமுனைக்கே கீறல் விழும் கல். வெயிலிலும் மழையிலும் அதன் மெருகு சீக்கிரமே மங்கிவிடும்.