வீட்டு பிளக்கும் நெடுஞ்சாலை கன்னும்

மின்சார எஸ்யூவி ஒன்றின் சார்ஜ் மூடியைத் திறந்தால், நாம் ஒப்பிடப்போகும் இரண்டும் அங்கேயே ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. மேலே ஒரு வட்டத்துக்குள் ஏழு துளைகள். அவை வீட்டு மின்சாரத்துக்கானவை. கீழே தடித்த இரண்டு துளைகள். அவை நெடுஞ்சாலை விரைவு சார்ஜருக்கானவை. இந்தியக் கார்களில் இன்று பொதுவாகிவிட்ட சிசிஎஸ்-2 அமைப்பு இது. வீட்டில் சார்ஜ் போடும்போது கீழ்த்துளைகளுக்கு வேலையே இல்லை. சாலையில் போடும்போது மேல்துளைகள் சும்மா இருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. எர்த்துக்கான துளையும், காரும் சார்ஜரும் தகவல் பரிமாறிக்கொள்ளும் இரண்டு சமிக்ஞைத் துளைகளும் மேலேதான் இருக்கின்றன. சாலையில் மின்சாரம் கீழ்வழியாகப் பாய்ந்தாலும், பாயலாமா, எவ்வளவு பாயலாம் என்ற பேச்சு மேல்வழியாகத்தான் நடக்கிறது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றை ஒட்டி நீளும் இந்தத் தோல் வட்டாரத்தில் இரண்டு வகை சார்ஜையும் எடைபோட்டுப் பார்க்க, அந்த மூன்று பொதுத் துளைகள் நல்ல தொடக்கம்.

இரண்டுக்கும் வேலை ஒன்றே. மின்வாரியம் தருவது மாறுமின்னோட்டம். பேட்டரி ஏற்பது நேர்மின்னோட்டம். எங்கேயாவது ஓரிடத்தில் ஒன்று மற்றொன்றாக மாறியாக வேண்டும். வீட்டில் அந்த மாற்றம் காருக்குள் இருக்கும் சிறிய சார்ஜரில் நடக்கிறது. சாலையில் அது அலமாரி அளவுள்ள இயந்திரத்துக்குள், காருக்கு வெளியே நடக்கிறது. சுவரில் மாட்டும் பெட்டியை வீட்டு சார்ஜர் என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது பாதுகாப்புள்ள ஒரு சுவிட்ச்தான். மாற்றும் கருவியைச் சுமப்பது யார் என்பதிலிருந்தே மற்ற வேற்றுமைகள் பிறக்கின்றன. கார் தானே சுமக்கும் கருவி சிறிதாகத்தான் இருக்க முடியும், ஆகவே வீட்டு சார்ஜ் மெதுவானது. சாலையோரத்தில் நிலையாக நிற்கும் கருவி எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம், ஆகவே சாலை சார்ஜ் வேகமானது.

எவ்வளவு வேகம்? இங்கே ஒரு வியப்பு இருக்கிறது. இதே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூர் அருகே தயாராகும் கிரெட்டா எலெக்ட்ரிக்கை எடுத்துக்கொள்வோம். பெரிய பேட்டரி 51.4 யூனிட் கொள்ளும். 50 கிலோவாட் விரைவு சார்ஜரில் 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் ஏற 58 நிமிடம் என்பது நிறுவனத்தின் கணக்கு. அதாவது 36 யூனிட். சராசரி 37 கிலோவாட். பலகையில் 50 என்று எழுதியிருந்தாலும் பேட்டரி நிறைய நிறைய வேகம் தளர்ந்துகொண்டே வரும். வீட்டில் த்ரீ ஃபேஸ் இணைப்பும் அதற்கேற்ற அனுமதி லோடும் இருந்து 11 கிலோவாட் பெட்டி மாட்டியிருந்தால், அது சொன்ன சொல்லை ஏறக்குறையக் கடைசிவரை காப்பாற்றும். ஆக, 11-க்கும் 50-க்கும் நடுவே எண்ணளவில் நாலரை மடங்கு தெரிகிறது. நடப்பில் அது நாலு மடங்குக்குள் அடங்கிவிடுகிறது. சாதாரண 15 ஆம்ப் பிளக் பாயிண்ட் வேறு கதை. மூன்று கிலோவாட்டை ஒட்டித்தான் வரும். அதே 36 யூனிட்டுக்கு ஓர் இரவு முழுவதும் போதாது.

சாலை சார்ஜ் கடைசியில் தளர்வது ஏன் என்பதை இந்த வட்டாரத்துக்காரருக்கு விளக்குவது எளிது. குரோம் பதனிடும் டிரம்மில் நிற்பவருக்கு இது தினசரி அனுபவம். முதலில் அமிலத்தன்மை மிகுந்த நிலையில் குரோம் தோலின் உள்ளே ஊடுருவ வேண்டும். பிறகுதான் சோடியம் பைகார்பனேட்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அதை நாரோடு பிடிக்கவைக்க வேண்டும். அவசரப்பட்டுக் காரத்தை ஒரேயடியாகக் கொட்டினால் குரோம் மேற்பரப்பிலேயே பிடித்துக்கொள்ளும். மேல்தோல் சுருங்கும், நடுப்பகுதி பச்சையாக நிற்கும். அதனால்தான் ஓரத்தை வெட்டி, உள்வரை ஊறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகிறார்கள். லித்தியம் பேட்டரியில் நடப்பதும் இதற்கு மிக நெருங்கியது. லித்தியம் அயனிகள் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் ஊடுருவ வேண்டும். உள்ளே இடம் குறைந்துவரும் நேரத்தில் வேகத்தைக் குறைக்காமல் தள்ளினால், உள்ளே போக முடியாத லித்தியம் மேற்பரப்பில் உலோகமாகப் படியும். பேட்டரியின் ஆயுள் குறையும். டேனரியில் கத்தி செய்யும் வேலையைக் காரில் பேட்டரி மேலாண்மைக் கணினி செய்கிறது. மேல்துளைகள் வழியாக அது சார்ஜரிடம் "இனி இவ்வளவு போதும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. வேகமான பதனிடல் வந்த பிறகும் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு நாள்கணக்கில் ஊறவைக்கும் முறை அழியாததுபோல, விரைவு சார்ஜர் வந்த பிறகும் மெதுவான சார்ஜுக்கு அதற்கேயுரிய பயன் இருக்கிறது. குறைந்த மின்னோட்டத்தில் வெப்பம் குறைவு. நிதானமாக நிறைவை எட்டும்போது பேட்டரியின் அறைகளைச் சமன்செய்யக் கணினிக்கு அவகாசமும் கிடைக்கிறது.

வெப்பம் என்றதும் வேலூரின் கோடையைச் சொல்லாமல் முடியாது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் பகலில், 100 கிலோமீட்டர் ஓடிவந்து சூடேறிய பேட்டரியோடு விரைவு சார்ஜரின் கன்னை (காரில் செருகும் தலைப்பகுதியை) மாட்டினால், குளிரூட்டும் அமைப்பு இரைந்து ஓடும். தேவைப்பட்டால் கார் தானே வேகத்தைக் குறைத்துக் கேட்கும். வீட்டிலோ இரவின் தணிவு துணைக்கு வருகிறது. ஆனால் அதே கோடை வீட்டுக்கு வேறொரு சிக்கலைத் தருகிறது. மண் காய்ந்தால் எர்த் குழியின் கடத்துதிறன் குறையும். கரியும் உப்பும் போட்டுப் பல ஆண்டுகளுக்கு முன் அமைத்த குழியில் தண்ணீர் ஊற்றாமல் விட்டிருந்தால், பிளக்கில் கரண்ட் இருக்கும், கார் ஏற்காது. ஃபேன் ஓடும், ஃபிரிட்ஜ் ஓடும், காருக்கு மட்டும் சிவப்பு விளக்கு எரியும். சாலையிலும் இதற்கு ஈடான காட்சி உண்டு: இயந்திரம் உயிரோடு இருக்கும், ஆப்பில் பணம் இருக்கும், கன்னும் பொருந்தியிருக்கும், ஆனால் காரும் இயந்திரமும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாமல் சார்ஜ் தொடங்காது. வீட்டின் தடங்கல் எர்த்தில், சாலையின் தடங்கல் சமிக்ஞையில். இரண்டும் நாம் முதலில் பார்த்த அந்த மூன்று துளைகளைச் சேர்ந்தவையே. முதன்முதலாக மின்சார கார் வாங்குபவர் பேட்டரியைப் பற்றி விசாரிக்கும் அக்கறையில் பாதியை வீட்டின் எர்த்துக்குக் கொடுத்தால் நல்லது என்பது என் உறுதியான கருத்து.

செலவுக் கணக்கில் வீடு மலிவு, சாலை விலை அதிகம் என்பது பொதுப்பேச்சு. பொய்யில்லை, ஆனால் முழுதும் மெய்யுமில்லை. வீட்டுக்கட்டணம் படிக்கட்டாக ஏறுகிறது. 2024 ஜூலை அட்டவணைப்படி இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 600-ஐத் தாண்டினால் யூனிட்டுக்கு 9.65 ரூபாய், 800-க்கு மேல் 10.70, 1000-க்கு மேல் 11.80. ஏசி ஓடும் வீட்டில் கார் வந்து சேரும்போது, அது எப்போதும் கடைசிப் படியில்தான் ஏறி நிற்கிறது. இலவச 100 யூனிட் காருக்குக் கிடைப்பதாக எண்ணிக்கொள்வது கணக்காகாது. அதைவிட, மொத்தம் 500-ஐத் தாண்டிய மறுகணமே 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் பழைய சலுகை விலை போய் இரு மடங்கு விழுகிறது. சாலையில் படிக்கட்டு இல்லை. முதல் யூனிட்டும் ஐம்பதாவது யூனிட்டும் ஒரே விலை. ஆனால் அந்த விலை 20 ரூபாயை ஒட்டி நிற்கிறது. சார்ஜ் செய்வது ஒரு சேவையாகக் கருதப்படுவதால் அதில் 18 சதவீத ஜிஎஸ்டியும் அடக்கம். வீட்டு மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது.

இன்னொரு வேற்றுமை பலர் கவனிக்காதது. வீட்டில் மீட்டர் சுவரில் இருக்கிறது. மாற்றத்தில் வீணாகும் மின்சாரத்துக்கும் நாமே பணம் கட்டுகிறோம். பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலே போகும் அந்த இழப்பு. சாலை இயந்திரம் பொதுவாகக் கன்னின் பக்கம் அளக்கிறது. மாற்றத்தின் இழப்பு நிலையக்காரரின் கணக்கு. எனவே 9.65 ரூபாய் யூனிட் பேட்டரிக்குள் போய்ச் சேரும்போது ஏறக்குறைய 11 ரூபாய் ஆகிவிடுகிறது. வீடு இன்னும் பாதி விலைதான். ஆனாலும் பெட்ரோல் காரின் ஐந்தில் ஒரு பங்குச் செலவில் ஊர்சுற்றலாம் என்ற விளம்பரக் கணக்கு மேல்படியில் நிற்கும் வீட்டுக்குப் பொருந்தாது.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் தராசு எதிர்ப்பக்கம் சாய்கிறது. சிக்கனமான வீட்டுச் சார்ஜ் இரவில் நடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றில் காற்றாலைகள் சுழலும் மாதங்களைத் தவிர்த்தால், தமிழ்நாட்டில் இரவு மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கே பெரிது. அவசரமான சாலைச் சார்ஜ் பெரும்பாலும் பகலில் நடக்கிறது. அப்போது சூரிய மின்சாரம் கலந்து வருகிறது. மத்திய மின்துறையின் 2024 வழிகாட்டுதல், பொது நிலையங்களுக்கான மின்சாரத்தைக் காலை 9 முதல் மாலை 4 வரை சராசரி அடக்கவிலையின் 0.7 மடங்குக்கும், மற்ற நேரத்தில் 1.3 மடங்குக்கும் தரச் சொல்வது இதனால்தான். புகை காருக்குப் பின்னால் வராமல் வேறெங்கோ வருவதில் நிறைவடைந்துவிட முடியாத மண் இது. தோல் கழிவு தொழிற்சாலைக் கதவுக்கு வெளியே போனால் போதும் என்றிருந்த காலத்தின் விலையைப் பாலாறு கொடுத்தது. மாசு செய்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று நிலைநிறுத்தியதும் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில்தான்.

இனி இடத்தைப் பற்றி. சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே ஏறக்குறைய 350 கிலோமீட்டர். ஆம்பூர் கிட்டத்தட்ட நட்டநடுவில் இருக்கிறது. நெடுஞ்சாலை வேகத்தில் 300 கிலோமீட்டரை ஒட்டி ஓடும் எஸ்யூவிக்கு வேலூரோ ஆம்பூரோ இயல்பான நிறுத்தம். மேற்கே போகிறவருக்கு இன்னும் கூடுதல் காரணம்: வேலூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 700 மீட்டர் உயரம். இரண்டு டன் எடையை அவ்வளவு மேலே தூக்கவே நாலு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும். திரும்பி வரும்போது அதில் ஒரு பகுதியை இறக்கம் பேட்டரிக்குத் திருப்பித் தரும். நெடுஞ்சாலையின் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் என்று 2022 வழிகாட்டுதல் சொன்னது. தமிழ்நாட்டின் 2023 மின்வாகனக் கொள்கை சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி என ஆறு நகரங்களை மின்வாகன நகரங்களாகக் குறித்தது. வேலூர் அந்தப் பட்டியலில் இல்லை. திட்டமிடுவோர் கண்ணில் இந்த வட்டாரம் ஒரு சாலை. இங்கே வாழ்பவருக்கோ இது வீடு.

இதனால் விளையும் விந்தையைப் பாருங்கள். ஆம்பூரின் விரைவு சார்ஜர் சென்னைக்காரருக்கு மிக உதவி. ஆம்பூர்க்காரருக்கு, வீட்டில் பிளக் இருந்தால், அதனால் பயனே இல்லை. பழைய வாணியம்பாடித் தெருக்களில் காரை வாசலில்கூட நிறுத்த இடமில்லாதவர் விதிவிலக்கு. அவருக்குச் சாலை நிலையமே வீட்டு சார்ஜர், விலை மட்டும் சாலை விலை. சித்தூர், வாலாஜாபேட்டை வழியாகச் செல்லும் 262 கிலோமீட்டர் பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை முழுதும் திறந்தபின், ஆம்பூரையும் வாணியம்பாடியையும் தொடாமல் பெருநகரக் கார்கள் போய்விடும். அப்போது இந்த நிலையங்கள் உள்ளூர்க்காரரை நம்பித்தான் நிற்க வேண்டும். அவர்களுக்குத் தேவையோ வேறு.

என்ன தேவை? ஆம்பூர் தோல் வணிகர் காலையில் சென்னை பெரியமேட்டுக்குப் போய் இரவு திரும்புகிறார். போக வர 370 கிலோமீட்டர். வீட்டில் நிரப்பிய பேட்டரி 60, 70 கிலோமீட்டர் குறைவாக நிற்கிறது. அந்தக் குறைக்காக அவர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் விரைவு சார்ஜரில் கால்மணி நேரம் நிற்கலாம். ஆனால் அவர் கார் பெரியமேட்டில் பகல் முழுவதும் சும்மாதான் நிற்கிறது. அங்கே ஒரு 15 ஆம்ப் பிளக் இருந்தால் ஆறு மணி நேரத்தில் 16 யூனிட் ஏறிவிடும். 90 கிலோமீட்டருக்குப் போதும். சாலையின் இடத்தில் வீட்டின் வேகம், அதுவும் சூரிய மின்சார நேரத்தில். ஆம்பூர் காலணித் தொழிற்சாலைகளின் வளாகங்களில் காலை முதல் மாலைவரை நிற்கும் கார்களுக்கும் இதே கணக்குப் பொருந்தும். 60 கிலோவாட் இயந்திரம் ஒன்று வைக்கும் முன், நிறுத்துமிடச் சுவரில் நல்ல எர்த்தோடு பத்து பிளக் பாயிண்ட் வைப்பது இந்த வட்டாரத்துக்கு அதிக உபகாரம்.