பரங்கிமலைச் சிற்றாலயமும் நம் ஊர் ஆலயங்களும்

கல்லில் எழுதி வைப்பது உத்திரமேரூர் வட்டாரத்து மக்களாகிய நமக்குப் புதிதல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், குடவோலைத் தேர்தல் விதிகளைக் கோவில் சுவரில் வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர். ஆனால் காவாந்தண்டலம் போன்ற நம் கிராமங்களில் சிற்றாலயம் எழுப்பும்போது, கட்டியவர்கள் யார், எந்த ஆண்டில், எந்த வேண்டுதலுக்காக என்று எழுதி வைக்கிறோமா? நம் செங்கல்பட்டு மறைமாவட்டத்தில் உள்ள பரங்கிமலைச் சிற்றாலயத்தின் வரலாறு, இக்கேள்வி எவ்வளவு முக்கியமானது என்பதை உணர்த்துகிறது.

ஏறத்தாழ 300 அடி உயரமுள்ள இம்மலையில்தான் திருத்தூதர் புனித தோமா மறைசாட்சியாக இறந்தார் என்பது நம் மரபு. போர்த்துக்கீசியர் 1523-இல் இங்கே ஆலயம் எழுப்பினர். இயேசுவின் பிறப்பை எதிர்நோக்கியிருக்கும் மரியன்னைக்கு இது அர்ப்பணிக்கப்பட்டுள்ளது. 1547-இல் கட்டட வேலைக்காக மண்ணைத் தோண்டியபோது, சிலுவை செதுக்கிய கருங்கல் ஒன்று வெளிப்பட்டது.

அக்கல்லில் உள்ள சிலுவையின் முனைகள் மொட்டுப் போல விரிந்துள்ளன. மேலே ஒரு புறா இறங்குகிறது. சுற்றிலும் தூண்களும் வளைவும் உள்ளன. வளைவின் ஓரமாகப் பழைய பாரசீக மொழியாகிய பகலவியில் எழுத்துகள் உள்ளன. ஏ.சி. பர்னல் என்னும் அறிஞர் 1873-இல் இவ்வெழுத்துகளைப் பற்றி ஆய்வு நூல் வெளியிட்டார். கோட்டயம், முட்டுச்சிறை, கடமற்றம் முதலிய கேரள ஊர்களிலும் இத்தகைய சிலுவைகள் உள்ளன. வாஸ்கோ ட காமா 1498-இல் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கிறிஸ்தவர்கள் இம்மண்ணில் வழிபட்டு வந்தனர் என்பதற்கு இவை சான்று.

கண்டெடுத்தவர்கள் கல்லை ஒதுக்கிவிடவில்லை. பீடத்தின் பின்சுவரிலேயே பதித்தார்கள். இன்றும் திருப்பலியில் பங்கேற்கும் மக்கள் பீடத்தை நோக்கினால் அச்சிலுவையைக் காண்கிறார்கள். 1558 டிசம்பர் 18-ஆம் நாள் திருப்பலி வேளையில் அதில் இரத்தம் கசிந்தது என்பதும் மரபு. 18-ஆம் நூற்றாண்டில் அர்மேனிய வணிகர் பெட்ரூஸ் உஸ்கான் மலையேறப் படிகள் கட்டித் தந்தார். 1986 பிப்ரவரி 5-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இங்கு வந்து செபித்தார்.

அன்பார்ந்தவர்களே, அன்று வேலையாட்கள் அக்கல்லைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் சுவர் எழுப்பியிருந்தால், எத்தனை நூற்றாண்டுகளின் விசுவாசம் நமக்குத் தெரியாமலே போயிருக்கும்! நம் கிராமங்களிலும் கூரைக் கொட்டகை ஓட்டுக் கட்டடமாகி, பின்பு கான்கிரீட் ஆலயமாகிறது. மக்கள் பெருகும்போது பெரிய ஆலயம் தேவைதான். ஆனால் பழையதை இடிக்கும் அவசரத்தில் பெயர் பொறித்த கல்லும், பழைய மணியும், பீடத்தின் மரச்சட்டங்களும் ஜல்லியோடு ஜல்லியாகப் போய்விடுவதுண்டு.

ஆகவே இடிப்பதற்கு முன் புகைப்படம் எடுப்போம். நீள அகலத்தை அளந்து குறிப்போம். ஊர்ப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுப் பங்குக் குறிப்பேட்டில் எழுதுவோம். பழைய அடிக்கல்லைப் புதிய சுவரில், எல்லார் கண்ணிலும் படும்படி பதிப்போம். யோர்தானைக் கடந்த இஸ்ரயேல் மக்கள் பன்னிரண்டு கற்களை எடுத்து நாட்டியது, பின்னாளில் பிள்ளைகள் கேட்கும்போது பதில் சொல்வதற்காகவே (யோசுவா 4). நம் பிள்ளைகளும் ஒருநாள் கேட்பார்கள்.